மைசூருக்குத் தோற்கப் போன கதை

மைசூருக்குப் போய் வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அரண்மனையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். நான் அந்த அரண்மனையை ஜட்கா வண்டிக்குள் மல்லாந்து கிடந்தபடி தலைகீழாகப் பார்த்தேன். அப்படிப் பார்த்தாலும் அழகாகத்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளுகிற நான், டென்னிஸ் மட்டையைத் தூக்கிக்கொண்டு மகாராஜா ராஜ்யத்துக்கு ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஒரு டென்னிஸ் போட்டி வைப்பார்கள். டபிள்ஸ் மட்டும்தான். ஆடுகிறவர்கள் எல்லோரும் வாத்தியார்கள், கம்பவுண்டர்கள், குமாஸ்தாக்கள். வெளியூர்ச் சபைக்காரர்களும் சேரலாம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்புறம் ஒரு டென்னிஸ் மைதானம் உண்டு. அதில் நானும் என் அக்காள் புருஷன் தேவசகாயமும் சாயங்காலந்தோறும் ஆடுவோம். அவர்தான் எங்கள் ஹெட்மாஸ்டர். நல்ல கனத்த சரீரம். அவர் சர்வீஸ் போட்டால் எதிரில் நிற்பவன் ஜெபம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். என் பேக்ஹாண்டைப் பற்றி நானே சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன், அது ரொம்பப் பிரமாதமாக இருக்கும்.

ஆனால் நாங்கள் போனது டென்னிஸுக்காக இல்லை. அத்தானுடைய ஒரே மகள் கிரேஸுக்காக. படித்த பெண், நான் தூக்கி வளர்த்தவள். வந்த வரனை எல்லாம் வேண்டாம், வேண்டாம் என்று தட்டிக்கொண்டே இருந்தாள். பெங்களூரில் நடந்த ஒரு வாலிபர் கூட்டத்துக்கு அவள் போய் வந்த பிறகு, மைசூர் ஓவர்சியர் ஞானமுத்துவின் மகன் ஜெயசீலன் பேச்சு வந்தது. இந்தத் தடவை கிரேஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஆறிப்போன காபியை மறுபடி ஆற்றப் போய்விட்டாள். அதைப் பார்த்து என் அக்காள் அழுதே விட்டாள். எப்படியாவது இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்பதுதான் வீடு முழுக்க ஒரே ஜெபம்.

இதில் ஒரு சிக்கல். பெண் வீட்டுக்காரன் முதலில் மாப்பிள்ளை வீட்டைத் தேடிப் போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. பெண்ணுக்கு என்ன குறையோ, வலிய வந்து நிற்கிறார்கள் என்று பேசுவார்கள். டென்னிஸ் ஆடப் போனால் யார் என்ன சொல்ல முடியும்? பாதிரியார் மூலமாக இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும். தெரிந்ததாக மட்டும் யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது.

முதல் நாள் காலை மைசூரில் இறங்கியதும் பல் தந்தியடித்தது. எங்கள் ஊரில் மார்கழி என்றால் விசிறியைக் கொஞ்சம் மெதுவாக வீசுவோம், அவ்வளவுதான். இங்கே கழுதைகூடக் கம்பளி கேட்கும் போலிருந்தது. அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், கம்பத்துக்குக் கம்பம் எலெக்ட்ரிக் விளக்கு. அத்தான் ஒவ்வொன்றையும் பார்த்து, "ராஜான்னா ராஜாதாம்லே" என்று சொல்லிக்கொண்டு வந்தார். சுதந்தரம் வேண்டும் என்று ஊரில் மேடை ஏறுகிறவர் அவர்.

ஜட்காவில் நான் முதலில் ஏறி உட்கார்ந்தேன். அத்தான் பின்னால் கால் வைத்தார். வண்டி பின்பக்கமாகச் சாய்ந்தது. ஏர்க்கால் மேலே போயிற்று, குதிரையின் முன்கால்கள் இரண்டும் அந்தரத்தில். நான் மல்லாந்து விழுந்து உருண்டேன். அரண்மனைக் கோபுரங்களைத் தலைகீழாகப் பார்த்தது அப்போதுதான். வண்டிக்காரர் ஒரு பெரிய சாயபு. கன்னடமும் உருதுவும் கலந்து அவர் சொன்னதை ரோட்டில் போன ஒருவர் தமிழில் சொன்னார்: "பெரியவர் தயவுசெய்து முன்னால் வந்து உட்காரட்டும். என் குதிரையை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது."

ஆகவே ஊர் நெடுக அத்தான் வண்டியின் முன்பலகையில், கோட்டும் தலைப்பாகையுமாக, குதிரை வால் முகத்தில் அடிக்க அடிக்க உட்கார்ந்து வந்தார். போட்டியை நடத்துகிறவர் என்ற சாக்கில் நேரே போய் இறங்கிய ஓவர்சியர் வீட்டு வாசலில் குடும்பமே எங்களுக்காக நின்றுகொண்டிருந்தது. வருங்காலச் சம்பந்தியை அவர்கள் முதன்முதலில் பார்த்த கோலம் அது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயசீலன் மட்டும் திரும்பிக்கொண்டு ஒரு ரோஜாச் செடியை ரொம்ப நேரம் கவனித்துப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. எனக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது.

ஓவர்சியர் ஞானமுத்து ஒல்லியாக, உயரமாக, விறைப்பாக இருப்பார். அவர் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்துவிட்டார்கள். அதனால் தமிழ் பேசுகிறார், ஆனால் பேச்சு முடிகிற இடத்தில் எல்லாம் "அல்வா" என்கிறார். கன்னடத்தில் 'அல்லவா' என்று அர்த்தமாம். திருநெல்வேலிக்காரனிடம் வந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அல்வா என்றால் நாக்கில் எச்சில் ஊறாதா? மிஷன் விடுதியில் தங்குகிறோம் என்றோம். கேட்கவில்லை. தோட்டத்து அறையை ஒழித்து, வெந்நீர் போட்டு, மேலே போட்டுக்கொள்ளத் தன் சால்வையையே கொடுத்துவிட்டார்.

மதியம் சாப்பாட்டில் சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். நான் முதல் வாய்க்கே பாயசத்தில் பருப்பைத் தவறிப் போட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். அத்தானுக்கு இனிப்பு என்றால் ஆகாது. ஆனால் மாப்பிள்ளை வீடாயிற்றே! "அம்மா, இந்த மாதிரி சாம்பார் நான் சாப்பிட்டதே இல்லை" என்றார். அது சத்தியம். உடனே இன்னொரு கரண்டி விழுந்தது. அதையும் புகழ்ந்தார். இன்னொரு கரண்டி. மாப்பிள்ளையின் தாயார் ரூத் அம்மாள் பரிமாறிக்கொண்டே அத்தான் முகத்தை உற்றுப் பார்த்தார்.

பிறகு ராகி முத்தை வந்தது. நம் ஊர்க் கேப்பைக் களிதான், ஆனால் உருண்டையாகப் பிடித்திருக்கும். நாம் பிசைந்து சாப்பிடுவோம். இவர்கள் கிள்ளிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். மெல்லக் கூடாதாம். அத்தான் மென்றார். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "எப்படி இருக்கு, பரவாயில்ல அல்வா?" என்று ஓவர்சியர் கேட்டபோது அவரால் வாயைத் திறக்க முடியவில்லை, கையை மட்டும் ஆகா என்று விரித்தார். இன்னொரு உருண்டை வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை நல்ல காபி தேடி நாங்கள் இரண்டு பேரும் வெளியே நழுவினோம். ஒரு ஹோட்டலில் தோசை சாப்பிட்டோம். உள்ளே சிவப்புச் சட்னி பூசி, முறுகலாக, நெய் வடிய வடிய இருந்தது. அதற்காகவே ஒருவன் மைசூர் ராஜ்யத்தில் பிரஜையாகலாம். பக்கத்து மேஜைக்காரரிடம் மார்க்கெட்டுக்கு வழி கேட்டேன். எங்கள் ஊரில் மோவாயால் ஒரு திசையைக் காட்டுவார்கள். இவர் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து எங்களோடு மார்க்கெட் வரைக்கும் வந்தார். மல்லிகைப் பூக் கடை எது, வெற்றிலைக் கடை எது என்று காட்டினார். காபி ஆறிப்போயிருக்குமே என்று அத்தான் வருத்தப்பட்டதற்கு, விருந்தாளியைத் தனியே அனுப்பினால் காபி இறங்காது என்றார். இந்த ஊரில் மரியாதை ஒரு வியாதியாகவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எவ்வளவு பெரிய வியாதி என்று மறுநாள்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கொள்ளேகாலிலிருந்து வந்த ஒரு கம்பவுண்டரையும் அவர் தம்பியையும் எதிர்த்து ஆடினோம். தங்கமான மனுஷர்கள். அத்தானுடைய சர்வீஸ் ஒன்று கம்பவுண்டர் மட்டையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. "ஏனுங் ஐயா, பந்துதானுங்களே போட்டீங்க?" என்று கேட்டார். சுலபமாக ஜெயித்தோம். அடுத்த மைதானத்தில் ஓவர்சியரும் ஜெயசீலனும் சேர்ந்து இரண்டு குமாஸ்தாக்களைத் துவைத்துத் தொங்கப் போட்டார்கள். ஓவர்சியர் சர்வீஸ் துப்பாக்கி மாதிரி. ஆக, பைனலில் நாங்களும் அவர்களும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தான் முகம் செத்துவிட்டது. விளக்கு வைப்பதற்கு முன்னால் என்னை மரத்தடிப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்ளே, நாளைக்கு நாம தோக்கணும்" என்றார்.

நான் குதித்தேன். என் பேக்ஹாண்டை இத்தனை தூரம் ரயிலில் கொண்டுவந்தது தோற்பதற்கா? அவர் பொறுமையாக விளக்கினார். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாருக்கு நல்ல நாற்காலியைப் போட்டுவிட்டுத் தான் நிற்க வேண்டியவன். அப்படிப்பட்டவன் சபை கூடின இடத்தில் மாப்பிள்ளையையும் அவன் தகப்பனையும் ஓட ஓட விரட்டித் தோற்கடித்தால், அப்புறம் எந்த முகத்தோடு பேச்சை எடுப்பது?

"கிரேஸை நெனச்சுக்கோ" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? தலையை ஆட்டினேன். ஆனால் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை மைதானத்தைச் சுற்றிப் பெஞ்சு போட்டிருந்தார்கள். கமலா ஆரஞ்சைக் கூடை கூடையாக வைத்துக்கொண்டு பெண்கள் ஒரு பக்கம், போர்வையும் மப்ளருமாக ஆண்கள் ஒரு பக்கம். செம்மண் தரையை உருளை விட்டுத் திமிசுபோட்டு, சுண்ணாம்பில் பளிச்சென்று கோடு இழுத்திருந்தார்கள். அம்பயர் ஒரு கன்னட டிரில் மாஸ்டர். மேஜை மேல் நாற்காலி போட்டு அதன் உச்சியில் உட்கார்ந்திருந்தார்.

யார் முதலில் சர்வீஸ் போடுவது என்பதிலேயே ஆரம்பித்துவிட்டது. நீங்க போடுங்க என்றார் ஓவர்சியர். சே சே, நீங்கதான் போடணும் என்றார் அத்தான். இது போய்க்கொண்டே இருந்தது. யாராவது ஒருவர் ஆரம்பித்தால்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று அம்பயர் கன்னடத்தில் சொன்னார்.

அத்தான் சர்வீஸ் போட்டார். எல்லாம் வலையில். நான்கு பாயிண்ட்டையும் டபிள் ஃபால்ட் ஆக்கி ஆட்டத்தைக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்து ஓவர்சியர் முறை. அவருடைய பந்தும் வலையில் விழுந்தது. மறுபடி வலையில். அப்புறம் ஒன்று ஆகாயத்தில் போய்ப் பெண்கள் பக்கத்து ஆரஞ்சுக் கூடையில் இறங்கியது. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இந்த மனுஷரும் தோற்கப் பார்க்கிறார்! வந்த விருந்தாளியைத் தோற்கடித்து அனுப்பினால் மைசூருக்கே தலைகுனிவு என்று அவர் ராத்திரியே மகனிடம் சொல்லிவைத்தாராம். அதை அப்புறம் ஜெயசீலனே சொன்னான். அப்போது அவன் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதைக் கண்டுகொண்டதும் அத்தானாவது சும்மா இருக்கலாம் இல்லையா? இல்லை. விட்டுக்கொடுப்பதிலும் மாப்பிள்ளை வீட்டார் நம்மை மிஞ்சிவிடக் கூடாது என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கையெட்டும் பந்துக்குக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். ஓவர்சியரோ நெற்றிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது. சர்வீஸ் போட்டவர்கள் எல்லோரும் தோற்றுக்கொண்டே வந்ததில் கணக்கு சரிக்குச் சரியாக நின்றது. பெஞ்சுக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள்.

அப்போதுதான் அந்தப் பந்து வந்தது. வெளியே போகட்டும் என்று அத்தான் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். அது எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டு மூலையில் போய் விழுந்தது.

"ஆஹா, உள்ள! நல்ல ஷாட் ஸார்" என்றார் ஓவர்சியர்.

"இல்லைங்க, வெளிய" என்றார் அத்தான்.

"உள்ள தான் ஸார். பக்கத்துல நின்னவன் நான் அல்வா?"

"அடிச்சவன் நானுங்க. எனக்குத் தெரியாதா?"

அம்பயர் உள்ளே என்றார். அத்தான் அவர் பக்கம் திரும்பி, இதில் நீங்கள் தலையிட வேண்டாம் என்று இங்கிலீஷில் சொன்னார். நான் அத்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"அப்ப நான் பொய் சொல்லுதேங்கீங்களா?" என்றார். இது பள்ளிக்கூடத்துக் குரல். இதைக் கேட்டால் பையன்கள் பெஞ்சுக்கு அடியில் ஒளிவார்கள்.

ஓவர்சியருக்கு முகம் சிவந்தது. "நான் பொய் சொல்றேன்னு நீங்க தான் சொல்றீங்க. ரோடும் பாலமும் அளந்தே வயசானவன் நான். ஒரு கோடு எங்க இருக்குன்னு எனக்கு நீங்க சொல்லித் தரணுமா?"

"பொய் சொல்லுத பயலுவளப் பிரம்பால திருத்துனவன் நான். இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிற வீட்டுல..." என்று ஆரம்பித்த அத்தான் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க. முடிங்க" என்றார் ஓவர்சியர்.

ஆரஞ்சு உரித்த கைகள் நின்றுவிட்டன. மூன்று நாளாக யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் இப்போது எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றது. ஊரில் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பாளோ என்று தோன்றியது. இரண்டு கிழங்களையும் மட்டையாலேயே போடலாமா என்றும் தோன்றியது.

அம்பயர் பாயிண்ட்டை எங்களுக்கே கொடுத்தார். அடுத்து ஓவர்சியர் சர்வீஸ். இந்தத் தடவை வெயிலும் இல்லை, மயிலும் இல்லை. பந்து அத்தான் காதோரம் சீறிக்கொண்டு போயிற்று. அத்தான் தலைப்பாகையைக் கழற்றி என்னிடம் வீசினார். கோட்டைக் கழற்றினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் டென்னிஸ். நானும் ஜெயசீலனும் ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டோம். நடுவில் நின்றால் உயிருக்கு ஆபத்து. அந்தக் கனத்த சரீரம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பறந்தது. ஓவர்சியர் நெடுங்காலைப் போட்டு ஓடி ஓடி எடுத்தார். பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். கொள்ளேகால் கம்பவுண்டர் யார் பக்கம் என்றே தெரியாமல் இரண்டு பேருக்கும் கை தட்டினார். என் பக்கம் வந்த ஒரே ஒரு பந்தைப் பேக்ஹாண்டில் எடுத்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசிப் பந்து உயரமாக வந்தது. அத்தான் எகிறி அடித்தார். அது நேராக ஓவர்சியர் வயிற்றில் போய் இறங்கியது. அவர் அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அம்பயர் எங்கள் பெயரைச் சொன்னார். கை தட்ட ஒருவருக்கும் துணிவில்லை.

அத்தானுக்குக் கோபம் இறங்கிவிட்டது. மைதானத்து ஓரத்தில் கிடந்த கல் உருளையில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் போனேன்.

"மாப்ளே, பிள்ளைகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பரிசுக்கு வைத்திருந்த வெள்ளிக் கிண்ணத்தைக் கிணற்றில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஓடிவிடலாம் போல் இருந்தது.

பெண்கள் பெஞ்சிலிருந்து ரூத் அம்மாள் எழுந்தார். கோடு, வலை எதையும் பார்க்காமல் மைதானத்துக்கு நடுவாலேயே எங்களிடம் நடந்து வந்தார். வயிற்றைத் தடவிக்கொண்டு ஓவர்சியர் பின்னால் வந்தார். அத்தான் பதறி எழுந்து நின்றார்.

"எங்க மூத்த மகளைக் கட்டிக் கொடுத்த வீட்ல சம்பந்தி ரொம்ப மரியாதைக்காரர்" என்றார் ரூத் அம்மாள். "நாங்க எது சொன்னாலும் சரிங்க, ஆகட்டுங்க. மனசுல என்ன இருக்குன்னு இன்னி வரைக்கும் தெரியல. எதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கறாங்கன்னு தெரியாம எம் பொண்ணு அங்க அழுதுட்டு இருக்கா. நீங்க வந்த அன்னிலேர்ந்து சரிங்க, ஆகட்டுங்கன்னே இருந்தீங்க. இதுவும் அப்படித்தான் அல்வான்னு பயந்துட்டேன். இன்னிக்குத் தான் கத்தினீங்க. கிரேஸை எங்க வீட்டுக்குக் கொடுங்க."

அத்தனை பேர் முன்னாலும் மாப்பிள்ளையின் தாயார் வாய் திறந்து பெண் கேட்கிறார். நான் உருளையைப் பிடித்துக்கொண்டேன். ஜெயசீலன் வலைக் கம்பத்தை இறுகப் பிடித்திருந்தான்.

அத்தான் இரண்டு கையையும் கூப்பினார். கண்ணில் தண்ணீர் ஓடியது. "எல்லாம் உங்க பெரிய மனசுங்கம்மா. உங்க இஷ்டம் எதுவோ, அப்படியே..."

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க" என்றார் ரூத் அம்மாள்.

அத்தான் வாயை மூடினார். ஓவர்சியர் முன்னால் வந்து அத்தான் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் நீங்கள் கட்டாயம் வந்தாக வேண்டும், இந்த வயிற்றுக்கு நான் பதில் சொல்லாமல் விட மாட்டேன் என்றார். அப்புறம், "கல்யாணத்தை மைசூர்லயே வெச்சுக்கலாம் அல்வா?" என்று கேட்டார்.

உங்க இஷ்டங்க என்று சொல்ல அத்தான் வாய் பழக்கத்தில் திறந்தது. ரூத் அம்மாளைப் பார்த்தார். எச்சிலை விழுங்கினார்.

"முடியாதுங்க" என்றார். "எம் மவ கல்யாணம் எங்க ஊருக் கோயில்லதான்."

"அது எப்படி? எங்க ஜனம் பூரா இங்க தான் இருக்கு!"

"எங்க ஜனம் என்ன கடல்லயா கிடக்கு?"

இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கத்தத் தொடங்கினார்கள். அம்பயர் மேஜையிலிருந்து பயந்துபோய் இறங்கி வந்தார். ரூத் அம்மாள் அந்தக் கல் உருளையில் சாவகாசமாக உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, எனக்குப் பாதி கொடுத்தார்.

"இப்பத்தான் ரெண்டு பேரும் சம்பந்தி மாதிரி இருக்காங்க" என்றார்.